கரிநாள் வேட்டையும் கறிக் கூறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு தை மாதமும் மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளான கரிநாளன்று முயல் வேட்டைக்குப் போன இளைஞர்கள் வனத்துறையினரிடம் பிடிபட்டார்கள், வலைகளும் நெற்றி விளக்குகளும் இருசக்கர வாகனங்களும் பறிமுதல் செய்யப்பட்டன, அபராதம் விதிக்கப்பட்டது என்பதுதான் அந்தச் செய்தி. ஊர்ப் பெயரையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றிவிட்டால் போன ஆண்டுச் செய்தியையே இந்த ஆண்டும் அச்சிட்டுவிடலாம் என்ற அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது. நான் பாலக்கோடு வட்டத்தில் பிறந்து, இதே வட்டத்துப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வேட்டைக்குப் போனவள் அல்ல. வேட்டையில் கிடைத்தது வந்து சேரும் அடுப்படிகளை நன்கு அறிந்தவள். அந்தப் பக்கத்திலிருந்து இந்த வழக்கத்தைப் பார்த்து யாரும் எழுதியதாகத் தெரியாததால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பொங்கல் என்பது அடுப்பை விட்டு நகராத நான்கு நாள் வேலை. புத்தரிசிப் பொங்கலைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அந்தப் பருவத்தின் உண்மையான சுவை அவரையிலும் மொச்சையிலும்தான் இருக்கிறது. கேழ்வரகு வயலில் ஊடுபயிராகப் போட்ட அவரை மார்கழிப் பனியில் காய்த்துத் தள்ளும். முற்றிய பச்சைக் காயை உரித்து, கொட்டையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் காலையில் வீட்டிலுள்ள பெண்களும் குழந்தைகளும் சுற்றி உட்கார்ந்து பிதுக்குவார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் விரலில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். சிறு பிள்ளைகள் பிதுக்கினால் பாதி எதிரே இருப்பவர் முகத்தில் விழும். ஒரு படி பிதுக்கி முடிப்பதற்குள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிடும். அந்தப் பிதுக்கம்பருப்பில் வைத்த குழம்புக்கும் சூடான களிக்கும் ஈடாக எதையும் நான் இதுவரை சாப்பிட்டதில்லை. அது பெண்கள் கூடிச் செய்யும் வேலை. ஊர்க்கதை, உறவுக்கதை, யார் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பாத்திரத்தைச் சுற்றித்தான் பேசப்படும்.

ஆண்களுக்கு அப்படி ஒரு பாத்திரம் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இன்று எங்கள் ஊர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரின் கட்டட வேலைகளிலும் திருப்பூரின் பனியன் ஆலைகளிலும் இருக்கிறார்கள். போகியன்று பேருந்தில் நின்றுகொண்டே ஊர் வந்து சேரும் அவர்கள், பொங்கலன்று கரும்பு வெட்டி நட்டுவிட்டு, மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் அடித்துவிட்டால், அத்துடன் அவர்களுடைய பங்கு முடிந்துவிடுகிறது. மாடு வைத்திருக்கும் வீடுகளே குறைந்துவிட்டதால் அந்த வேலையும் பல வீடுகளில் இல்லை. மீதி நேரம் அலைபேசியும் தேநீர்க் கடையும்தான். என்னிடம் படித்த ஒருவன், இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், பிடிபட்டு அபராதம் கட்டிவிட்டு வந்த பிறகு என்னிடம் சொன்னான்: "முயலுக்குப் போற அன்னைக்கு ஒரு நாள்தான் டீச்சர் பசங்க எல்லாரும் ஒண்ணா இருக்கோம்." கறிக்காகப் போனேன் என்று அவன் சொல்லவில்லை.

கறிக்காகப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஓர் அடுப்படிக் கணக்கு. நம் காட்டு முயல், வீட்டில் வளர்க்கும் வெள்ளை முயலைப் போலக் கொழுத்தது அல்ல. வளை தோண்டி வாழ்வதும் இல்லை. புல்லுக்குள் ஒரு சிறு பள்ளத்தில் பகலெல்லாம் படுத்திருந்து இரவில் மேயும் பிராணி அது. உயிரோடு இரண்டு மூன்று கிலோ இருக்கும். தோலும் குடலும் போக ஒன்றரைக் கிலோ கறி தேறினால் அதிகம். அதை இருபது வீட்டுக்குக் கூறு போட்டால் வீட்டுக்கு 75 கிராம். அந்தக் கறியிலும் கொழுப்பு என்பதே கிடையாது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றாவிட்டால் நாராகிவிடும். மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் மல்லியும் வறுத்து, தேங்காயும் கசகசாவும் சேர்த்து அம்மியில் வழுவழுவென்று அரைத்து, மண் சட்டியில் சுண்டச் சுண்டக் கிளறி இறக்கினால்தான் அது வாயில் வைக்கும்படி இருக்கும். அதே மசாலாவைக் கத்தரிக்காய்க்குப் போட்டாலும் ஊர் மெச்சும். முயலுக்குப் புகழ், மசாலா அரைத்தவளுக்குத் தோள்வலி என்று என் அத்தை சொல்வார்.

ஆனால் அந்தக் கூறு போடும் காட்சி இருக்கிறதே, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். களத்து மேட்டில் தேக்கு இலைகளை வரிசையாக விரித்து, எலும்பும் சதையும் ஈரலும் எல்லா இலையிலும் விழும்படி பார்த்துப் பார்த்து வைப்பார்கள். ஒரு துண்டை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பார்கள். மறுபடி எடுத்து இங்கேயே வைப்பார்கள். பிறகு ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க, இன்னொருவர் ஓர் இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, திரும்பி நிற்பவர் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்வார். வேட்டைக்கு வராத கிழவருக்கும், கணவனை இழந்து தனியே வாழும் பெண்ணுக்கும் ஒரு கூறு உண்டு. எந்த வீடும் விடுபடாது. எவரும் அதிகம் எடுத்துக்கொள்ள முடியாது. வேட்டைக்குப் போகும் பிள்ளைகள் தேடிப் போவது இதைத்தான் என்பது என் முடிவு. இந்தக் கூறு இருக்கட்டும், முயல் வேண்டாம் என்பதே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது.

(ஊரே ஒன்றாகப் போகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எந்தத் தெருக்காரர்கள் போகிறார்கள், எந்தத் தெருவுக்கு அந்த இலை போவதில்லை என்று கேட்டால் பதில் வராது. அது வேறு கடிதத்துக்கு உரிய விஷயம்.)

முயல் ஏன் வேண்டாம் என்பதற்குச் சட்டத்தைச் சொன்னால், இளைஞர்கள் "அபராதம்தானே, பங்கு போட்டுக் கட்டிவிடலாம்" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியதாகத் தெரியவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையை முன்பே தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், முயலும் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பொதுவான அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. இதுவாவது ஓரளவு தெரிந்த செய்தி. தெரியாத செய்தி இன்னொன்று இருக்கிறது. வேட்டை நடந்த இடம் சரணாலயமாக இருந்தால், கொன்றது முயலே ஆனாலும், தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரை நீளக்கூடிய சிறையாகவும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமாகவும் மாறிவிடுகிறது. இப்படிக் குறைந்தபட்ச சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களைப் பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை.

இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம், நம் இரு மாவட்டங்களின் காடுகள் கடந்த சில ஆண்டுகளில் அடைந்த மாற்றம். 2014-இல் தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளின் காப்புக்காடுகளில் 504 சதுர கிலோமீட்டர் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் மேலும் 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்பா காலத்தில் வெறும் காப்புக்காடாக இருந்த இடம் மகன் காலத்தில் சரணாலயம். மரங்கள் அதே மரங்கள், பாறைகள் அதே பாறைகள், ஒற்றையடிப் பாதையும் அதே பாதைதான். எல்லை எங்கே தொடங்குகிறது என்று ஊர்க்காரர்கள் எப்படி அறிவார்கள்? முக்கியச் சாலைகளில் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. வேட்டைக்குப் போகிறவர்கள் முக்கியச் சாலை வழியாகப் போவதில்லை. அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக் காத்திருக்கும் ஒரு பிள்ளை, கரிநாள் இரவில் நண்பர்கள் கூப்பிட்டார்களே என்று அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், காவல்துறைச் சரிபார்ப்பின்போது அந்த வழக்கு எழுந்து நிற்கும். முயலைப் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தாங்களே படம் போட்டு மாட்டிக்கொள்ளும் புத்திசாலிகளைப் பற்றி நான் என்ன சொல்ல!

சட்டத்தை ஒதுக்கிவிட்டே பார்ப்போம். தை மாத இரவில் நம் காட்டோரத்தில் முயல் மட்டுமா இருக்கிறது? கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிகளுக்கு வருவதும், சானமாவு, சூளகிரிப் பக்கம் வாரக்கணக்கில் தங்குவதும் இங்குள்ள குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பகலில் காட்டில் ஒதுங்கி இரவில் வயலுக்கு இறங்கும் அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் நாய்களோடும் நெற்றி விளக்குகளோடும் அதே காட்டோரத்தில் அலைகிறார்கள். விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் திகைத்து நின்றுவிடும் என்பதுதான் அந்த வேட்டையின் நுட்பம். யானை அப்படித் திகைத்து நிற்பதில்லை. நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, துரத்தப்பட்டதும் திரும்பித் தன் எசமானிடம்தான் ஓடி வரும். பின்னால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. நாட்டுத் துப்பாக்கி எடுத்துப் போகும் கூட்டமாக இருந்தால் புதருக்குள் அசைவது முயலா, கூட வந்த ஆளா என்ற இருட்டுக் குழப்பம் வேறு.

கண்ணி வைப்பவர்கள் இன்னும் மோசம். இருசக்கர வாகனத்தின் கிளட்ச் கம்பியைச் சுருக்காகக் கட்டிவிட்டு வந்துவிட்டால் அதில் முயல்தான் விழும் என்று எந்தக் கம்பியும் உறுதி கூறுவதில்லை. காட்டுப்பன்றிக்காக உணவுப் பண்டத்துக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய் யானையின் வாயில் வெடித்தால், தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் அது நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. மேய்ச்சலுக்குப் போன பசுவும் அதைக் கடித்துவிடும். பன்றிக்காகத் திருட்டு மின்சாரம் இழுத்த வேலி என்ன செய்யும் என்பதை எங்கள் வட்டத்திலேயே பார்த்தோம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் விடிந்த பிறகும் அந்த உடல்களைச் சுற்றிக்கொண்டே நின்றன. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. முயல் வலையோடு போகும் பையனையும் மின்வேலி போடுபவரையும் ஒரே தட்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் முயலில் ஆரம்பித்தவர்கள் முயலோடு நின்றுவிடுவதில்லை என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிவார்கள்.

இனி, தேநீர்க் கடையில் இதைப் பேசினால் வரும் பதில்கள். வேட்டை எங்கள் மரபு என்பது முதல் பதில். மரபைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள மண்தான் இது. பர்கூர் அருகே மல்லபாடியில் வெள்ளை வண்ணத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. இரு மாவட்டங்களிலும் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் அவற்றைப் பார்க்கலாம். அவை பெரும்பாலும் ஊரின் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவர்களுக்கும், புலியோடும் பன்றியோடும் நேருக்கு நேர் பொருது பட்டவர்களுக்கும் எடுத்தவை. விளக்கைக் காட்டித் திகைக்க வைத்து முயலடித்தவனுக்கு எடுத்த நடுகல் ஒன்றை யாராவது காட்டினால், பேருந்து பிடித்துப் போய்ப் பார்க்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

எருது விடும் விழாவுக்கு அனுமதி தரும் அரசு முயலுக்கு மட்டும் ஏன் தரவில்லை என்பது இரண்டாவது பதில். 2023 பிப்ரவரியில் சூளகிரி அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழா அனுமதி தாமதமானதற்காகத் தேசிய நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டதையும், அதே ஆண்டு மே 18-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கான தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தைச் செல்லும் என்று உறுதி செய்ததையும் இவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எருது ஒருவர் வீட்டில் பிறந்து, பருத்திக்கொட்டையும் தவிடும் தின்று வளர்ந்து, விழா முடிந்ததும் அதே தொழுவத்துக்குத் திரும்பும் பிராணி. அதற்குக் காய்ச்சல் என்றால் வைத்தியம் பார்க்க ஆள் இருக்கிறது. முயலுக்கு யார் இருக்கிறார்கள்? நரிக்கும் காட்டுப் பூனைக்கும் கழுகுக்கும் இரையாவது போதாதென்று ஒரே இரவில் ஊருக்கு ஒரு கூட்டமாக நாமும் போய் நின்றால், அந்தக் காட்டோரத்தில் மறு ஆண்டு என்ன மிஞ்சும்? முன்பெல்லாம் ஊருக்குப் பின்னாலேயே கிடைத்தது, இப்போது மலை ஏற வேண்டியிருக்கிறது என்று அவர்களே குறைப்படுகிறார்கள். ஏன் என்று கேட்டால் மழை இல்லை என்கிறார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களோடு இதற்கு மேல் வாதாட முடியாது.

மூன்றாவது பதிலில் நியாயம் இருக்கிறது. நிலக்கடலையையும் கிழங்கையும் கேழ்வரகையும் பன்றிகள் ஓர் இரவில் உழுது போட்டுவிட்டுப் போகும்போது, இழப்பீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலையும் விவசாயியிடம் வன உயிரினங்களை நேசியுங்கள் என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து மூன்று பகுதிகளாகப் பிரித்து, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவர்களுக்கு அதனால் பயன் குறைவு. அவர்களுக்கு இழப்பீடு விரைவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தனியே பத்துக் கடிதம் எழுதலாம். ஆனால் கரிநாளன்று கொல்லப்படும் முயல் யாருடைய கடலையையும் அழித்ததற்காகக் கொல்லப்படவில்லை. பன்றியின் குற்றத்துக்கு முயலைத் தண்டிப்பது எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் நியாயமாகாது.

பிடிபடுபவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார் வைத்துக்கொண்டு, வெளியூரிலிருந்து விருந்தினரை அழைத்துக்கொண்டு, பண்ணை வீட்டில் தங்கிப் பொழுதுபோக்காக வேட்டையாடுபவர்கள் செய்தியில் வருவது அரிது. தினமும் காட்டில் நடமாடும் இருளர் குடும்பங்களின் மேல்தான் சந்தேகம் முதலில் விழுகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தேன், கிழங்கு போன்ற சிறு வனப் பொருள்களின் மேல் உரிமை தருகிறது. வேட்டையாடும் வழக்கத்தை மட்டும் வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. பசிக்காகக் காட்டைச் சார்ந்திருந்தவர்களே அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்போது, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு விடுமுறைக்கு வந்தவர்கள் மரபைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆக, செய்ய வேண்டியது என்ன? பண்டிகைக்கு மறுநாள் காட்டின் ஓரத்தில் மறைந்திருந்து பிடிப்பதை விட, பண்டிகைக்கு முன்பே ஊருக்குள் வந்து பேசுவது பலன் தரும் என்பதற்கு இந்த மாவட்டங்களிலேயே சான்று இருக்கிறது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படையுங்கள் என்று மலையோர ஊர்களில் எடுத்துச் சொன்னபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பலர் கொண்டுவந்து ஒப்படைத்ததைத் தங்கள் நாளிதழிலேயே படித்தோம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கே வந்து தங்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அது அரசாணையால் நடப்பதல்ல. ஊர் எடுத்த முடிவு. பட்டாசு வெடிக்காத தீபாவளியைக் குழந்தைகளே ஏற்றுக்கொள்ளும்போது, வேட்டை இல்லாத கரிநாளை வளர்ந்த ஆண்கள் ஏற்றுக்கொள்ள முடியாதா?

ஊர் முடிவெடுக்க உகந்த இடம் கிராம சபை. குடியரசு நாளன்று நடக்கும் சபை பொங்கலுக்குப் பின்னால் வருவதால் அது பயன்படாது. உள்ளாட்சி நாளான நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டமே இதற்குச் சரியான நேரம். தை பிறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும். இந்த இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாவிட்டால் கிராம சபைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும்தான். தலைவர் அதை நடத்துபவர் மட்டுமே. வேட்டைக்குப் போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் அந்தக் கூட்டத்துக்கு வந்து, "எங்கள் ஊரில் கரிநாள் வேட்டை இல்லை" என்று தீர்மானம் எழுதச் சொன்னால் எழுதித்தான் ஆக வேண்டும். நூறு நாள் வேலை பற்றிய கணக்கைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திரும்பும் பெண்கள், இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இதையும் கேட்கலாம்.

வேட்டையை எடுத்துவிட்டால் அந்த நாளில் ஒரு வெற்றிடம் விழும். அங்கேதான் கூறு வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பல குடும்பங்கள் பணம் போட்டுச் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி அறுத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தை இருக்கிறது; தருமபுரிப் பக்கத்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளிச் சந்தை இருக்கிறது. அபராதமாகக் கட்டும் பணத்தில் நல்ல கிடாவே வாங்கலாம். பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பல்லைப் பிடித்துப் பார்த்து, விலை பேசி, துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் முடித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவரட்டும்; அதிலேயே அரை நாள் போகும். களத்து மேட்டில் அதே தேக்கு இலைகளில் கூறு போடட்டும். வீட்டுக்கு 75 கிராமுக்குப் பதிலாக அரைக் கிலோவாவது கிடைக்கும்.

அதைச் சமைக்கும் வேலையையும் அன்றைக்கு அவர்களே ஏற்றால் இன்னும் நல்லது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே அனுப்பப்பட்டியில் கரும்பாறை முத்தையா கோவிலில் ஆண்கள் மட்டுமே கூடிக் கிடா வெட்டி, அவர்களே சமைத்து, அவர்களே பரிமாறும் விருந்து மார்கழியில் நடக்கிறது. நம் ஆண்களாலும் முடியும். களி கிண்டுவது மட்டும் கொஞ்சம் பழக வேண்டிய வேலை. நொய்யை முதலில் வேகவிட்டு, கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்பால் நடுவே ஒரு குழி போட்டு, கிளறாமல் பொறுமையாக வேகவிட வேண்டும். அவசரப்பட்டு முன்பே கிளறினால் கட்டி தட்டிவிடும். பிறகு சட்டியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாவு துடுப்பில் ஒட்டாத பதம் வரும்வரை பலம் கொண்ட மட்டும் கிண்டி, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருண்டை பிடிக்க வேண்டும். இருபது வீட்டுக்குக் களி கிண்டிய பிறகு வீரத்தைக் காட்ட யாருக்கும் காட்டுக்குப் போகத் தோன்றாது. மூன்று நாள் அடுப்படியில் நின்ற பெண்களுக்கு நான்காம் நாளாவது உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கும். அவர்கள் "உப்பு குறைவு" என்று சொல்லிப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு. அந்தப் பந்தியில் எல்லாத் தெருவுக்கும் இலை விழுந்தால் அதை விட வேறென்ன வேண்டும்?

வனத்துறையினருக்கு ஒரு வேண்டுகோள். சரணாலய எல்லை எந்த ஓடையில், எந்தப் பாறையில், எந்தக் கோவிலுக்குப் பின்னால் தொடங்குகிறது என்பதை, ஊர்க்காரர்கள் வழங்கும் இடப் பெயர்களாலேயே எழுதி, காட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளின் வாயிலில் பலகையாக வைக்க வேண்டும். தெலுங்கும் கன்னடமும் பேசும் எல்லையோர ஊர்களில் அந்த மொழிகளிலும் அது இருக்க வேண்டும். தண்டனை விவரத்தை உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்கள்தான் அண்ணன்மாருக்கு விளக்கும் வலையும் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கரிநாளுக்கு மறுநாள் பிடிபட்டவர்களின் படத்தை வெளியிடும் அதே இடத்தில், மார்கழி முதல் வாரத்திலேயே, காவேரி வடக்கு, காவேரி தெற்குச் சரணாலயங்களுக்குள் அடங்கும் காப்புக்காடுகளின் பெயர்களையும், அவற்றை ஒட்டிய ஊர்களின் பெயர்களையும், சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் உள்ள தண்டனையையும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பதிப்பில் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டும். தேநீர்க் கடைகளில் அதைப் படிக்காமல் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.